வீடு விழுந்தா வேலையும் விழுமா?

போன வாரம் மச்சினன் ஃபோன் பண்ணினான். ஆஸ்டின்ல இருக்கான். வழக்கமா "எப்படி இருக்கீங்க மாமா, அங்க மழை உண்டா"ன்னு ஆரம்பிச்சு, ரெண்டு நிமிஷத்துல "அக்காகிட்ட குடுங்க"ன்னு முடிக்கிறவன். அன்னைக்கு நேரா விஷயத்துக்கு வந்துட்டான்.

"மாமா, எங்க தெருவுல மூணு வீடு விக்கப் போட்டு மாசக்கணக்கா நிக்குது. 2022-ல நான் வாங்கின விலைக்கு இப்ப ஒருத்தனும் கேக்கறதில்ல. வீட்டு விலை எறங்கினா அடுத்தது வேலைதான்னு ஆபீஸ்ல பேசிக்கறாங்க. நெஜமாவா?"

பையன் பயப்படறதுல அர்த்தம் இருக்கு. எச்-1பி விசா. வேலை போனா 60 நாள் வரைக்கும்தான் அவகாசம். அதுக்குள்ள இன்னொரு வேலை, இல்லேன்னா வேற விசா, ரெண்டும் இல்லேன்னா பெட்டி கட்டணும். ஒரே சம்பளம், 30 வருஷக் கடன், கையில சின்னக் குழந்தை.

"ரெண்டு நாள் டயம் குடு மாப்ள, சொல்றேன்"னு வச்சுட்டேன். எனக்குப் பொருளாதாரம் ஒண்ணும் பாடம் கிடையாது. பழைய கணக்கு வழக்குகளைத் தோண்டிப் படிக்கறது ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான். ஆனா உடனே பதில் சொல்லாம விட்டதுக்கு வேற காரணம் இருக்கு. இதே கேள்வியை 2007-ல ஒருத்தன் கேட்டான். யோசிக்காம பதில் சொன்னேன். அது இன்னிக்கும் உறுத்துது.

அப்ப நான் அட்லாண்டாவுல இருந்தேன். கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் ஃபீனிக்ஸ்ல. சொந்த ஊர் ஈரோடு, அதனால ஈரோட்டுக்காரன்னே வச்சுக்குவோம். 2007 தீபாவளிக்குப் பேசும்போது கேட்டான், "இங்க வீட்டு விலையெல்லாம் நல்லா எறங்கியிருக்குடா, இப்ப வாங்கலாமா? வேலைக்கு ஏதும் ஆபத்து வருமா?" நான் பெரிய மேதாவி மாதிரி, "சப்-பிரைம்னா வருமானமே இல்லாதவனுக்குக் கொடுத்த கடன். நம்ம வேலைக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்? உச்சத்துலேர்ந்து ஆறுல ஒரு பங்குக்கு மேல எறங்கிடுச்சு, இதுக்கு மேல எங்க எறங்கப்போகுது, வாங்கு"ன்னேன். டிசம்பர்ல வாங்கிட்டான். 2009 பிப்ரவரியில வேலை போச்சு. இத்தனைக்கும் அவன் வீடு கட்டற கம்பெனியிலயோ வங்கியிலயோ இல்லை. ஒரு பெரிய கடை நிறுவனத்துக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக்கிட்டிருந்தான். வீட்டுச் சாவியை வங்கிகிட்ட கொடுத்துட்டு ஊருக்குத் திரும்பினான்.

அதுக்கப்புறம்தான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதைக் கோர்வையா எழுதி வச்சா மச்சினனுக்கும் ஆகும், உங்களுக்கும் ஆகும்னுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க :-)

ஒரு வீட்டுக்குப் பின்னால எத்தனை பேரு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்"னு நம்மூர்ல சும்மா சொல்லலை. ரெண்டுலயும் செலவு ஒரு இடத்துல நிக்காது. வீடுன்னா மரம், சிமெண்ட், பிளம்பர், எலக்ட்ரீஷியன்னு ஆரம்பிச்சு, குடி போனதும் ஃப்ரிட்ஜ், சோஃபா, திரைச்சீலை வரைக்கும் போகும். நடுவுல தரகர், கடன் கொடுக்கற வங்கி, பத்திரம் பார்க்கற வக்கீல். நம்ம சென்னையிலயே அமெரிக்க வீட்டுக்கடன் காகிதங்களைச் சரிபார்க்கற ஆபீஸ்கள் உண்டு.

ஆனா மொத்தப் பொருளாதாரத்துல வீடு கட்டறதோட பங்கு ரொம்பச் சின்னது. அமெரிக்காவுல சராசரியா ஜிடிபியில 5 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட. இவ்வளவு சின்ன வால் எப்படி நாயை ஆட்டும்?

இதுக்கு ஒருத்தர் பதில் சொன்னார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்துப் பேராசிரியர் எட்வர்ட் லீமர். 2007 கோடை முடிவுல, ஜாக்சன் ஹோல்ங்கற மலை ஊர்ல மத்திய வங்கிக்காரங்க கூடின மாநாட்டுல ஒரு கட்டுரை படிச்சார். ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் அதுவரைக்கும் அமெரிக்கா பார்த்த மந்தம் பத்து. அதுல எட்டுக்கு முன்னாடி வீட்டுத் துறை விழுந்திருக்கு. தப்பினது ரெண்டே ரெண்டு. கொரியப் போர் முடிஞ்சு ராணுவச் செலவு குறைஞ்ச 1953, இண்டர்நெட் கம்பெனிங்க கவுந்த 2001.

அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடிச்சிருந்தது. வீட்டுல முதல்ல விழறது விலை இல்லை, எண்ணிக்கை. தக்காளி விக்கலைன்னா சாயங்காலமே விலையைக் குறைச்சுடுவான். வீட்டுக்காரன் அப்படிச் செய்யமாட்டான். "போன வருஷம் பக்கத்து வீடு இந்த விலைக்குப் போச்சு, நான் ஏன் குறைக்கணும்"னு வீம்பா உக்காந்திருப்பான். விலை நிக்கும், விற்பனை நின்னுடும். விற்பனை நின்னா பில்டர் புதுசா அஸ்திவாரம் தோண்டமாட்டான். தோண்டலைன்னா அடுத்த வாரமே மேஸ்திரிக்கு வேலை இல்லை. அந்தச் சின்னப் பங்கு சில வருஷத்துலயே பாதியாகக்கூடிய பங்கு. அதனாலதான் ஆட்டம் பெருசா தெரியுது.

இதுல வேடிக்கை என்னன்னா, இவ்வளவும் சொன்ன லீமரே "இந்தத் தடவை மந்தம் வராது"ன்னு கணிச்சார். தொழிற்சாலைகள்ல 2001-ல போன வேலைகளே இன்னும் திரும்பி வரலை, மறுபடி போறதுக்கு அங்க என்ன இருக்குங்கறது அவர் வாதம். அடுத்த டிசம்பரே மந்தம் தொடங்கிடுச்சு. (அவரே தப்பு பண்ணினார்னு படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஈரோட்டுக்காரனுக்கு அது உதவலைங்கறது வேற விஷயம்.)

நாலு வருஷம் முன்னாடி அடிச்ச மணி

கொஞ்சம் பின்னாடி போவோம். 1925, ஃப்ளோரிடா. மயாமியில நிலம் வாங்க ஊரே திரண்டு நின்ன காலம். முன்பணம் கட்டின சீட்டையே ஒருத்தன் வாங்கி, மத்தியானம் இன்னொருத்தனுக்கு வித்து, சாயங்காலம் அது மூணாவது ஆள் கைக்குப் போகும். நிலத்தைப் பார்த்தவன் யாரும் கிடையாது. மோசடிக்கே பேர் கொடுத்த சார்லஸ் போன்ஸிகூட அந்தச் சமயத்துல ஃப்ளோரிடாவுக்கு வந்து சதுப்பு நிலத்தை மனை போட்டு வித்தார்.

கட்டுமானச் சாமான் வந்து குவிஞ்சதுல ரயில் பாதை அடைச்சுப்போய், 1925 அக்டோபர்ல ரயில் கம்பெனி சரக்கு ஏத்தறதையே நிறுத்தி வச்சது. சரி கப்பல்ல கொண்டுவரலாம்னா, 1926 ஜனவரியில ஒரு பெரிய கப்பல் மயாமி துறைமுக வாசல்லயே கவுந்து வழியை அடைச்சது. செப்டம்பர்ல வந்த புயல் மிச்சத்தையும் முடிச்சது.

ஃப்ளோரிடா மட்டும் இல்லை. நாடு முழுக்கப் பார்த்தாலும் புதுசா கட்ட ஆரம்பிச்ச வீடுகள் உச்சத்தைத் தொட்டது 1925-லதான். 9 லட்சத்து 37 ஆயிரம். 1929-ல அது 5 லட்சத்து 9 ஆயிரமா குறைஞ்சிருந்தது. கவனிங்க, பங்குச் சந்தை அக்டோபர் 1929-லதான் சரிஞ்சது. 1929 முடியறதுக்குள்ள வீட்டுக் கணக்கு பாதிக்குக் கிட்ட வந்தாச்சு. 1933-ல 93 ஆயிரம். பத்துல ஒண்ணு! அந்த வருஷம் நாலு தொழிலாளியில ஒருத்தருக்கு வேலை இல்லை.

அப்ப மணி சரியாத்தானே அடிச்சிருக்குன்னு தோணும். ஆனா 1926-லேர்ந்து 1929 வரைக்கும் நடுவுல வந்தது ஒரு லேசான மந்தம்தான். மத்தபடி கார் வித்தது, பங்கு ஏறினது, ஜனங்க சந்தோஷமா இருந்தாங்க. 1926-ல ஒருத்தன் வீட்டுக் கணக்கைப் பார்த்துட்டு வேலை போயிடும்னு பயந்து நடுங்கியிருந்தா, மூணு வருஷம் வீணா நடுங்கியிருப்பான். சரியான பயம், தப்பான தேதி.

பொய்யா அடிச்ச மணி

இன்னொரு பக்கமும் இருக்கு. 1950-ல அமெரிக்காவுல 19 லட்சத்துக்கு மேல வீடு கட்ட ஆரம்பிச்சாங்க, அதுவரைக்கும் அப்படி ஒரு வருஷம் இல்லை. கொரியப் போர் வந்ததும் அரசாங்கம் வீட்டுக்கடனுக்குக் கட்டுப்பாடு போட்டுது. 1951-ல 15 லட்சத்துக்கும் கீழ வந்துடுச்சு. மந்தம் வந்துச்சா? இல்லை.

1966-ல இதைவிட மோசம். அந்தக் காலத்துல வங்கிகள் டெபாசிட்டுக்கு இவ்வளவுதான் வட்டி தரலாம்னு அரசாங்க உச்சவரம்பு ஒண்ணு இருந்தது. வெளியில வட்டி ஏறினதும் ஜனங்க வீட்டுக்கடன் சங்கங்கள்ல போட்ட பணத்தை எடுத்து அரசுப் பத்திரங்கள்ல போட்டுட்டாங்க. சங்கத்துல பணம் இல்லைன்னா வீட்டுக்கடன் எங்கேர்ந்து வரும்? 1965-ல 14 லட்சத்தைத் தாண்டியிருந்த புது வீட்டுக் கணக்கு, 1966 அக்டோபர்ல வருஷத்துக்கு எட்டரை லட்சம்ங்கற வேகத்துக்கும் கீழ இறங்கிப் போச்சு.

ஆனா வேலையில்லாதவங்க விகிதம் 1966-லயும் 3.8, 1967-லயும் 3.8. அசையவே இல்லை. ஏன்? வியட்நாம். வீட்டுக்குப் போகவேண்டிய மரமும் ஆளும் பணமும் போருக்குப் போச்சு. மத்திய வங்கியும் பயந்து வட்டியைத் தளர்த்திடுச்சு. வீடு கட்டறவன் விட்ட இடத்தை வேற ஒருத்தன் வந்து பிடிச்சுக்கிட்டா, மேஸ்திரிக்குக் கஷ்டம் வந்தாலும் நாட்டுக்கு வர்றதில்லை. (அந்த வேற ஒருத்தன் குண்டு செய்யறவனா இருந்ததுல சந்தோஷப்பட ஒண்ணுமில்லை. கணக்கு மட்டும்தான் சொல்றேன்.)

எண்ணெய் மேல போட்ட பழி, மரக்கட்டை போன தபால்

1973-75 மந்தம்னாலே எல்லாரும் அரபு நாடுகளோட எண்ணெய்த் தடைன்னு சொல்வோம். நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். தடை வந்தது 1973 அக்டோபர். ஆனா புது வீட்டுக் கணக்கு உச்சத்துக்குப் பக்கத்துல இருந்தது அந்த வருஷம் ஜனவரியில. எண்ணெய்க் கப்பல் நிக்கறதுக்கு முன்னாடியே வீடு நல்லா சரிஞ்சு முடிஞ்சிருந்தது. 1972-ல 23 லட்சத்துக்கு மேல, 1975-ல 12 லட்சத்துக்கும் கீழ. வேலையின்மை 1975 மே மாசம் 9 சதவீதம். எண்ணெய் சேர்ந்து அடிச்சது உண்மைதான், ஆனா முதல் அடி அதோடது இல்லை.

அடுத்தது பால் வோல்க்கர் காலம். விலைவாசியை அடக்கியே தீருவேன்னு மத்திய வங்கித் தலைவர் வட்டியை ஏத்தின ஏத்துல, 1981 அக்டோபர்ல 30 வருஷ வீட்டுக்கடன் வட்டி 18 சதவீதத்தைத் தாண்டிப் போச்சு. 18! கிரெடிட் கார்டு வட்டியில வீடு வாங்கற மாதிரி. யார் வாங்குவா? 1978-ல 20 லட்சமா இருந்த புது வீடு 1982-ல பத்தரை லட்சம். வீடு கட்டறவங்க கோபத்துல, சட்டம் அடிக்கற மரக்கட்டைத் துண்டுகள்ல "வட்டியைக் குறை"ங்கற அர்த்தத்துல எழுதி மத்திய வங்கிக்குத் தபால்ல அனுப்பினாங்க. கார் விக்கறவங்க விக்காத காரோட சாவிகளைச் சவப்பெட்டியில வச்சு அனுப்பினாங்க. 1982 கடைசியில வேலையின்மை 10.8 சதவீதம்.

இங்க ஒண்ணைக் கவனிக்கணும். இந்த ரெண்டு தடவையும் வீடு விழுந்ததுக்குப் பெரிய காரணம் வட்டி. வட்டி இறங்கினதும் வீடு வேகமா எழுந்துச்சு. ஏன்னா வாங்க ஆசைப்பட்டவன் எங்கேயும் போகலை, வாசல்ல காத்துக்கிட்டிருந்தான். 1983-லயே 17 லட்சம் வீடு.

அடிக்காமலே போன மணி

2001 எனக்கு நேரடி அனுபவம். அப்ப போன நம்மாளுங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். கெஸ்ட் ஹவுஸ்ல ஆறு பேரு, அதுல நாலு பேரு பெஞ்ச்சுல. தினமும் ரெஸ்யூமேவை மாத்தி மாத்தி எழுதறது, சாயங்காலம் ரசம் சாதம். ஆனா வெளியில வந்து பார்த்தா அட்லாண்டா புறநகர்ல வீடு கட்டிக்கிட்டே இருந்தாங்க. மத்திய வங்கி வட்டியை இறக்கி விட்டதால வீட்டுத் துறைக்குக் கொண்டாட்டம். மந்தம் நவம்பர்லயே முடிஞ்சதா கணக்கு. வேலையின்மை மட்டும் ஏறிக்கிட்டே போய் 2003 ஜூன்ல 6.3 சதவீதத்தைத் தொட்டது.

ஆக, வீடு நல்லா இருந்தா வேலை பத்திரம்னும் கிடையாது. சாஃப்ட்வேர்காரனுக்கு அந்த வருஷம் இடி விழுந்தது வேற மேகத்துலேர்ந்து.

2006-லேர்ந்து 2009 வரை: மாசக் கணக்கு

இப்ப நான் கோட்டை விட்ட கதை. மாச வாரியா எழுதினாத்தான் புரியும்.

2006 ஜனவரி: புது வீட்டுக் கணக்கு உச்சம், வருஷத்துக்கு 22 லட்சத்துக்கு மேலங்கற வேகம்.

2006 ஏப்ரல்: கட்டுமான வேலையில இருந்தவங்க 77 லட்சம். அதுவே உச்சம்.

2006 நடுவுல: வீட்டு விலை உச்சம்.

2007 மார்ச்: சப்-பிரைம் பிரச்சினை பெருசா பரவாதுன்னு மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி நாடாளுமன்றக் குழுவுல சொல்றார். அடுத்த மாசமே அந்தக் கடன் கொடுக்கறதுல பெரிய கம்பெனியான நியூ செஞ்சுரி திவால்.

2007 மே: வேலையின்மை 4.4 சதவீதம். ரொம்ப நல்ல கணக்கு.

2007 டிசம்பர்: மந்தம் ஆரம்பம். ஆனா அது ஆரம்பிச்சிடுச்சுன்னு அதிகாரபூர்வமா அறிவிச்சது 2008 டிசம்பர் 1-ம் தேதி. ஒரு வருஷம் கழிச்சு!

2008 செப்டம்பர்: லேமன் பிரதர்ஸ்.

2009 அக்டோபர்: வேலையின்மை 10 சதவீதம்.

பாருங்க, கட்டறது நின்னதுக்கும் ஊர்ல வேலை போக ஆரம்பிச்சதுக்கும் நடுவுல ரெண்டு வருஷம். அந்த ரெண்டு வருஷத்துலதான் என்னை மாதிரி மேதாவிங்க எல்லாம் "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை"ன்னு பேசிக்கிட்டிருந்தோம். வேலைக் கணக்கைப் பார்த்தா ஒண்ணும் ஆகாத மாதிரியே தெரிஞ்சுது. 2005-ல 20 லட்சத்தைத் தாண்டியிருந்த புது வீடு 2009-ல ஐந்தரை லட்சம். மொத்தம் போன வேலை 87 லட்சம்.

இதுல கட்டுமானத்துல போனது 2011 தொடக்கம் வரைக்கும் எடுத்தாலும் சுமார் 23 லட்சம்தான். மிச்சம்? அங்கதான் ஈரோட்டுக்காரன் இருக்கான்.

அதிஃப் மியான், அமீர் சூஃபின்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் இதை மாவட்டம் மாவட்டமா பிரிச்சுப் பார்த்தாங்க. 2000-லேர்ந்து 2007-க்குள்ள அமெரிக்கக் குடும்பங்களோட கடன் ரெண்டு மடங்காகி 14 டிரில்லியன் டாலர் ஆச்சு. வீட்டு விலை ஏற ஏற, ஏறின மதிப்பு மேல மறுபடி கடன் வாங்கி கார், டிவி, சமையலறைன்னு செலவு பண்ணினாங்க. விலை விழுந்ததும் சொத்து கரைஞ்சுது, கடன் மட்டும் அப்படியே நின்னுது. அந்த மாவட்டங்கள்ல ஜனங்க செலவை நிறுத்தினாங்க, அங்க இருந்த கடையிலயும் ஹோட்டல்லயும் வேலை போச்சு. ஆனா கார் தொழிற்சாலை அந்த மாவட்டத்துல இல்லையே, அது வேற மாநிலத்துல. அங்க வீட்டு விலை அவ்வளவு விழலைன்னாலும் வேலை போச்சு. 2007-ல 1 கோடியே 60 லட்சம் வண்டி வித்த நாட்டுல 2009-ல 1 கோடியே 4 லட்சம். ஃபீனிக்ஸ்ல வீட்டு விலை கடைசியில உச்சத்துலேர்ந்து பாதிக்கு மேல போயிடுச்சு. "இதுக்கு மேல எங்க எறங்கப்போகுது"ன்னு கேட்டேனே, பதில் கிடைச்சுது.

சப்-பிரைம்காரனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு நான் கேட்டதுக்கும் பதில் இதுதான். அவன்தான் அந்தக் கடையில சோஃபா வாங்கினவன்.

ஸ்பெயின்ல இதோட அண்ணன் கதை. அமெரிக்காவுல உச்சத்துலயும் நூறு வேலையில ஆறுகூட கட்டுமானம் இல்லை. ஸ்பெயின்ல 2007-ல நூறுக்கு 13. அங்க வேலையின்மை 8 சதவீதத்துலேர்ந்து 2013-ல 26-க்குப் போச்சு. எவ்வளவு பேரை வீடு கட்டறதுல ஏத்தி வச்சிருக்கோமோ அவ்வளவு பேரு கீழ விழுவாங்க.

2022: எல்லாரும் எதிர்பார்த்து வராம போனது

சூடு கண்ட பூனையா இருந்ததால 2022-ல நானும் பயந்தேன். மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்துக்குப் பக்கத்துலேர்ந்து ஒண்ணரை வருஷத்துக்குள்ள 5 சதவீதத்துக்கு மேல ஏத்துச்சு. வீட்டுக்கடன் வட்டி 3 சதவீதத்துலேர்ந்து 2023 அக்டோபர்ல எட்டுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் போச்சு. 2021-ல 61 லட்சம் பழைய வீடு கை மாறிச்சு, 2023-ல 41 லட்சம். 1995-க்கு அப்புறம் அதுவரைக்கும் அவ்வளவு குறைஞ்சதில்லை. லீமர் கணக்குப்படி மணி பலமாவே அடிச்சுது.

வேலையின்மை? 2023 ஏப்ரல்ல 3.4 சதவீதம். அரை நூற்றாண்டுல இல்லாத அளவு கம்மி.

ஏன் இப்படின்னு பார்த்தா மூணு காரணம் தெரியுது. முதல்ல, பெரும்பாலானவங்ககிட்ட பழைய 3, 4 சதவீத வட்டியில 30 வருஷத்துக்கு மாறாத கடன். வட்டி ஏறினது புதுசா வாங்கறவனுக்குத்தான், ஏற்கெனவே இருக்கறவனுக்கு ஒரு டாலர்கூட கூடலை. அதனால யாரும் வீட்டைத் தூக்கி எறியலை, விக்கவும் இல்லை. ரெண்டாவது, கொரோனா சமயத்துல சாமான் கிடைக்காம பாதியில நின்ன வீடுகள் 17 லட்சத்துக்குப் பக்கம் கட்டி முடிக்கவேண்டி இருந்தது. புதுசா தோண்டறது குறைஞ்சாலும் மேஸ்திரிக்கு வேலை இருந்துக்கிட்டே இருந்தது. மூணாவது, 1966 மாதிரியே, விட்ட இடத்தைப் பிடிக்க வேற ஆள் வந்தாச்சு. சிப் தொழிற்சாலை, பேட்டரி தொழிற்சாலைன்னு அரசாங்க உதவியோட பெரிய கட்டடங்கள்.

ஆனா அதே சமயத்துல சாஃப்ட்வேர் உலகத்துல என்ன நடந்துச்சு? 2022 நவம்பர்ல மெட்டா 11 ஆயிரம் பேரை அனுப்பினது. அடுத்த ஜனவரியில அமேசான் 18 ஆயிரம்னு அறிவிச்சுது. வீடு விழுந்ததால அது நடக்கலை. சும்மா கிடைச்ச பணம் நின்னு போனதுல ரெண்டுக்கும் அடி. ஒரே கை ரெண்டு கன்னத்துலயும் அறைஞ்சா, இந்தக் கன்னம் சிவந்ததாலதான் அந்தக் கன்னம் சிவந்ததுன்னு சொல்லக்கூடாது இல்லையா.

மச்சினனுக்குச் சொன்னது

கணக்குப் போட்டா, போருக்கு அப்புறம் அமெரிக்காவுல மொத்தம் 12 மந்தம் (2008-ஐயும், கொரோனா வந்த 2020-ஐயும் சேர்த்து). 9 தடவை வீடு முன்கூட்டியே சொல்லியிருக்கு. 3 தடவை சொல்லலை. 1951, 1966, 2022-னு மூணு தடவை சொல்லிட்டு ஒண்ணும் வரலை. ஜோசியக்காரனைவிடத் தேவலை. ஆனா இதை மட்டும் நம்பி வீட்டை விக்கறதோ வாங்கறதோ கூடாது.

ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணி இதைத்தான் சொன்னேன். "மாப்ள, வீடு விழுதுன்னா மூணு கேள்வி கேளு. விலை மட்டும் குறையுதா, கட்டறதே நின்னு ஆளுங்களை அனுப்பறாங்களா? கடன் யார் தலையில, என்ன வட்டியில இருக்கு, கட்ட முடியாம சாவியைக் கொடுக்கறாங்களா? வீடு விட்ட இடத்தைப் பிடிக்க வேற யாராவது செலவு பண்றானா? மூணுக்கும் பதில் மோசம்னா 2007. ஒண்ணு ரெண்டு நல்லா இருந்தா 1966."

"எங்க ஊர்ல நெறைய கட்டினதாலதான் விலை எறங்குச்சுன்னு சொல்றாங்க மாமா. வாடகைகூட குறைஞ்சிருக்கு."

"அது உனக்கு நஷ்டம், வாடகைக்கு இருக்கறவனுக்கு லாபம். அது வேற. ஆனா ஒண்ணு, கட்டி முடிச்சதும் கட்டினவங்க எல்லாம் எங்க போறாங்கன்னு பாரு."

"அப்ப என் வேலை?"

இந்த இடத்துல 2007-ல நான் சொன்ன மாதிரி ஒரு வரி நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். "உன் வேலைக்கு வீடு மணி அடிக்காது மாப்ள. 2001-லயும் அடிக்கல. உன் கம்பெனி யாருக்கு விக்குது, அவன் யார்கிட்ட சம்பாதிக்கறான், அதைப் பாரு. கடைசியில சோஃபா வாங்கறவன் யாருன்னு கண்டுபிடி. அப்புறம் எட்டு மாசச் செலவைக் கையில வை. வீட்டை விக்காதே, இன்னொரு வீடும் வாங்காதே."

"எட்டு மாசமா? ஆறுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?"

"ஈரோட்டுக்காரன் ஆறுதான் வச்சிருந்தான்"னேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "அக்காகிட்ட குடுங்க மாமா"ன்னான். குடுத்தேன்.